நான்காவது கால்

ரிகா நகரின் மேற்கு ஓரம், இமான்தா.
ஒன்பது மாடிச் சிமெண்டுப் பெட்டி.
ஐந்தாம் மாடியில் எனக்கு
ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு நாற்காலி.

இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டியவன்.
வேலை முடிந்துவிட்டதென்று
உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.
இன்றும் நாலே முக்காலுக்கு எழுந்து
மேசைக்கடியிலிருந்து நாற்காலியை
தரதரவென்று இழுத்து
உட்கார்ந்து காலுறை மாட்டுவேன்,
போக ஓரிடம் இல்லாத கால்களுக்கு.

மூன்று வருடம் முன்பு
கதவிடுக்கில் ஒரு கடிதம்.
கீழ் வீட்டு விஸ்மாவின் பொடி எழுத்து:
“மதிப்புக்குரிய அண்டை வீட்டாரே,
உங்கள் நாற்காலி
தினமும் என் உச்சந்தலையில் நடக்கிறது.”
மடித்து இழுப்பறையில் போட்டேன்.
வீம்புதான்.
என்னிடம் மிச்சம் இருந்ததே
அந்தச் சத்தம் ஒன்றுதானோ என்னவோ.

பிப்ரவரியில் பித்தப்பையை எடுத்தார்கள்.
மருத்துவமனைப் படிவத்தில் ஒரு கட்டம்:
தகவல் தெரிவிக்க வேண்டியவர்.
கோடு போட்டுவிடுங்கள் என்றேன்.
செவிலி போட்டாள்.
அளவுகோல் இல்லாமலே
எவ்வளவு நேரான கோடு!

பதினோராம் நாள் மாலை, பனிச்சேற்றில்
மெல்ல நடந்து வீடு வந்தேன்.
வழியில் ஆணிக் கடையில்
நான்கு வட்டக் கம்பளித் துண்டுகள் வாங்கினேன்.
தையல் பிரிக்காத வயிற்றோடு
நல்ல புத்தியும் வரும் போலிருக்கிறது.
நாற்காலியைக் கவிழ்த்து
காலுக்கொன்றாய் ஒட்டினேன்.

மறுநாள் காலை
பூனை போல நகர்ந்தது நாற்காலி.
எனக்கே கேட்கவில்லை.
பெருமையாக
ஒரு காலுறையை மாட்டி முடிப்பதற்குள்
கதவு இடிபட்டது.

விஸ்மா.
இரவு உடைக்கு மேல் குளிர்க்கோட்டு.
ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் செருப்பு.
மூச்சு வாங்கியபடி
என்னை மேலும் கீழும் பார்த்தாள்,
மீட்டரில் எண்ணைப் படிப்பது போல.

“நேற்று விளக்கு எரிந்தது.
வந்துவிட்டார் என்று படுத்தேன்.
காலையில் சத்தமே இல்லை.
வந்த இடத்தில்…”
அந்த வாக்கியத்தை
அவள் முடிக்கவில்லை.

இரண்டு மருத்துவமனைகளுக்குப் போன் செய்தாளாம்.
அவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்களாம்.
“கீழ் வீடு என்றேன்.
அப்படி ஓர் உறவு
அவர்கள் பட்டியலில் இல்லை.”

ஆறாம் மாடி டைகா,
ரொட்டி ஆலைக்குப் போகிறவள்,
அலாரமே வைப்பதில்லையாம்.
மூன்று நாள் தாமதம், சம்பளத்தில் பிடித்தம்.
அவள் மகன் எல்விஸ்
வாசலில் நின்று
கதவில் காது வைத்துப் பார்த்தானாம்.
இவ்வளவும் எனக்குத் தெரியாமல்
என் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும்.

“அந்தக் கடிதம்?” என்றேன்.
“அப்போது எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது”
என்று சொல்லிவிட்டு
செருப்புக் காலை முன்வைத்து
இறங்கிப் போனாள்.

வெண்ணெய்க் கத்தியால்
கம்பளியைச் சுரண்டினேன்.
மூன்று வந்தன.
நான்காவதில் பசை இறுகிவிட்டது,
இழுத்தால் மரம் பிய்கிறது.
மூன்று கால் பேசும், ஒரு கால் பேசாது,
அதற்கும் நாற்காலி என்றே பெயர்.
உட்கார்ந்தால் இப்போது
லேசாக ஆடுகிறது.

அடுத்த நாள் நாலே முக்கால்.
இழுத்தேன். கொஞ்சம் அதிகமாகவே.
பிறகு
ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

கீழே
கோப்பையில் கரண்டி சுற்றும் ஒலி.
கிணிங், கிணிங்,
விளிம்பில் ஒரு தட்டு.

புது ஒலி இல்லை அது.
எத்தனை வருடமாக
அந்தத் தட்டுக்குப் பிறகுதான்
இரண்டாவது காலுறையை எடுக்கிறேன்!

அன்றிரவு
பூட்ஸ் இரண்டையும்
கட்டிலடியிலிருந்து எடுத்து
கதவருகே வைத்தேன்,
நாடாவை அவிழ்த்தபடியே.